இறுகிய பாறைகளில் கிடைக்கிணற்று வாயு உற்பத்தி

இயற்கை வாயு நிறைந்திருந்தும், நுண்துளைகள் ஒன்றோடொன்று செவ்வனே இணையாமையால் அவ்வாயு எளிதில் நகர இயலாத பாறை அடுக்குகள் இறுகிய தேக்கங்கள் எனப்படும். வாயுவை ஊடுருவவிடும் திறன் 0.1 மில்லிடார்சிக்குக் குறைந்த பாறைகளை இவ்வகையில் சேர்ப்பது அமெரிக்க மரபு. டெக்சாஸ் மாநிலத்தின் பார்னெட் களிப்பாறையிலோ அத்திறன் நானோடார்சி அளவிலேயே கணிக்கத்தக்க அத்தனை அற்பமானது. அங்கே 1981-இல் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் தொடங்கிய முயற்சி, கூழ்த் திரவங்களை விடுத்து நீரையும் சிறிதளவு மணலையும் உயரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கும் முறையால் 1990-களின் இறுதியில் பலன் கண்டது. 2002-இல் அந்நிறுவனத்தை வாங்கிய டெவான் நிறுவனம், பாறை அடுக்கினுள் கிடையாகத் திரும்பிச் செல்லும் கிடைக்கிணறுகளைப் பெருக்கியது.

இத்தகைய கிணற்றின் விளைவை நிர்ணயிக்கும் காரணங்களுள் பாறையின் சுபாவமே முதலாவது. அடுக்கின் கனம், நுண்துளைமை, ஆதி அழுத்தம், கரிமப் பொருளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் வாயுவின் அளவு ஆகியவை இருப்பைத் தீர்மானிக்க, சிலிகா மிகுதியால் உண்டாகும் நொறுங்கும் தன்மை பிளவுகள் படர்வதற்குத் துணைபுரிகிறது.

இரண்டாவது, கிணற்றின் நீளமும் திசையும். பிளவுகள் மிகக் குறைந்த தகைவின் (பாறையின் உள்ளழுத்தத்தின்) திசைக்குச் செங்குத்தாகவே விரிவதால், கிணறு அத்திசையை ஒட்டிச் செல்லுமாயின் அவை அதனைக் குறுக்கே வெட்டிப் பரந்த பாறைப் பகுதியைத் தொடும். பார்னெட்டில் மிகப் பெரிய தகைவு வடகிழக்கு-தென்மேற்காகவும், மிகக் குறைந்த தகைவு அதற்குச் செங்குத்தாகவும் அமைந்திருப்பதால், கிணறுகளை வடமேற்கு-தென்கிழக்காக இடுவர்.

மூன்றாவது, பிளவுகளின் எண்ணிக்கை, நீளம், இடைவெளி, கடத்துதிறன் ஆகியவை. இடைவெளி அதிகமாயின் நடுவிலுள்ள வாயு எட்டாது. மிகக் குறையின் ஒன்றன் பங்கை மற்றொன்று கவரும். பாறையின் பாரம், பிளவைத் திறந்துவைக்கும் மணலை நசுக்கினாலும் பாறைச் சுவரில் புதையச் செய்தாலும் பிளவு மூடிக்கொள்ளும். பார்னெட்டுக்குக் கீழே நீர் பொதிந்த எல்லன்பர்கர் சுண்ணாம்புப் பாறை வரை பிளவு இறங்கிவிட்டால், வாயுவுக்குப் பதில் நீரே மேலெழும். இடையில் வயோலா சுண்ணாம்புப் பாறை உள்ள இடங்களில் அது தடையாக நிற்கும்.

இவற்றோடு, செலுத்திய நீர் நுண்துளைகளில் தங்கி வாயுவின் வழியை அடைப்பதும், கிணற்றின் தாழ்ந்த வளைவுகளில் திரவம் தேங்குவதும், அண்டைக் கிணறுகளின் நெருக்கமும் உற்பத்தியைக் குறைக்கும். தொடக்கத்தில் பிளவுகளை அடுத்துள்ள வாயு விரைந்து வெளியேறுவதால் முதல் ஆண்டிலேயே உற்பத்தி வெகுவாகச் சரிந்து, பின்னர் பாறையின் உட்புறத்திலிருந்து மெல்லக் கசியும் வாயுவால் நெடுங்காலம் நீடிக்கும். ஆதலால் முதல் மாதங்களின் பெருக்கை மட்டுங்கொண்டு கிணற்றின் மொத்த விளைவை மதிப்பிடுதல் பொருந்தாது.