ஆளில்லாத ஊருக்கு இரண்டு எம்.பி.

வருவாய்த் துறையில் முப்பத்திரண்டு வருடம் பட்டா, சிட்டா, அடங்கல் என்று காலம் தள்ளியவன் நான். கணக்கில் இருந்தால்தான் ஊர், கணக்கில் இருந்தால்தான் ஆள் என்று ஊறிப்போன புத்தி. மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தபோது, ஒரு மண்மேட்டைக் காட்ட மாப்பிள்ளை கூட்டிப் போனார். சாலிஸ்பரி நகரத்துக்கு வடக்கே சுமார் 3 கிலோமீட்டரில் இருக்கிறது. பெயர் ஓல்டு சாரம்.

மேலே இடிந்த கோட்டைச் சுவர், புல்தரையில் பழைய தேவாலயத்தின் அடித்தளம், சுற்றிலும் ஆழமான அகழி. வீடு வாசல் எதுவும் இல்லை.

ஒரு காலத்தில் பெரிய இடம்தான். 1086ல் முதலாம் வில்லியம் மன்னர் நாட்டின் நிலப்பிரபுக்களை இங்கே வரவழைத்து விசுவாசப் பிரமாணம் வாங்கினார். ஆனால் மேட்டில் தண்ணீர்த் தட்டுப்பாடு, ஓயாத காற்று. போதாததற்குக் கோட்டைச் சிப்பாய்களுக்கும் பாதிரிமார்களுக்கும் தகராறு. 1220ல் கீழே சமவெளியில் புதிய தேவாலயத்துக்கு அடிக்கல் போட்டார்கள். ஜனங்களும் மெல்ல மெல்ல இறங்கிப் போனார்கள். அதுதான் இன்றைய சாலிஸ்பரி.

ஊர் போயிற்று, ஊரின் உரிமை போகவில்லை. 14ஆம் நூற்றாண்டிலிருந்து 1832 வரை பார்லிமெண்டுக்கு ஓல்டு சாரம் இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. எப்படி என்கிறீர்களா? ஓட்டு ஆளுக்கு இல்லை, மனைக்கு! குறிப்பிட்ட சில பழைய மனைகள் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு ஓட்டு. மனையில் வீடு இருக்கவேண்டும் என்றுகூடக் கிடையாது. மொத்த மனைகளையும் ஒருவரே வாங்கிவிட்டால், இரண்டு எம்.பி.யும் அவர் சட்டைப் பையில்.

அப்படி 1691ல் வாங்கியவர் யார் தெரியுமா? தாமஸ் பிட். கம்பெனியின் அனுமதி இல்லாமலே இந்தியாவில் வியாபாரம் செய்து பணம் சேர்த்தவர். பிறகு அதே கம்பெனி இவரை நம் சென்னைக் கோட்டைக்கு கவர்னராக அனுப்பியது. 1698 முதல் 1709 வரை இருந்தார். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி உள்பட ஐந்து கிராமங்கள் 1708ல் கம்பெனிக்குக் கிடைத்தது இவர் காலத்தில்தான். பின்னாளில் பிரதமரான இவருடைய பேரன் வில்லியம் பிட், 1735ல் முதன்முதலாக எம்.பி. ஆனது இந்த ஓல்டு சாரத்திலிருந்துதான்.

1831ல் அங்கே ஓட்டுரிமை உள்ளவர்கள் 11 பேர். ஒருவர்கூட அங்கே குடியிருக்கவில்லை. அதே சமயம், லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த மான்செஸ்டருக்கு ஒரு எம்.பி.கூட இல்லை. அடுத்த வருடம் வந்த சீர்திருத்தச் சட்டம் இப்படிப்பட்ட 56 ஊர்களின் உரிமையை ஒரேயடியாகப் பறித்தது. ஓல்டு சாரமும் அதில் ஒன்று.

வாய்விட்டுச் சிரித்தேன். இறங்கி வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

ரொம்ப வருடங்களுக்கு முன், புறம்போக்கில் குடிசை போட்டு இரண்டு தலைமுறையாக வாழ்ந்த ஒரு பெரியவர், கையைக் கட்டிக்கொண்டு என் மேஜை முன்னால் நின்றார். "உங்க பேரு கணக்குல இல்லையே, பெரியவரே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்கு ஒரு மனுவாவது எழுதிக் கொடுத்திருக்கலாம்.