முன்னிற்குஞ்சுரப்பி: ஒரு கலைச்சொல்லின் பொருளும் பிறப்பும்

ஆணின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயின் தொடக்கத்தைச் சூழ்ந்திருப்பது புரோஸ்டேட் சுரப்பி. ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இது பருக்கத் தொடங்குகிறது. தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வாழும் முதிய தமிழர்க்கு இந்நோய் புதிதன்று. அதன் பெயர்தான் அயலானது. இந்தியில் 'பௌருஷ கிரந்தி', மராட்டியில் 'அஷ்டீலா கிரந்தி', மருத்துவர் வாயில் 'புரோஸ்டேட்' என்று அவர்தம் செவியில் விழுவன பல. இவற்றுள் எது பொருளுணர்த்தும் என்பது ஆராயத்தக்கது.

புரோஸ்டேட் என்பதன் மூலம் கிரேக்கம். 'முன்னே நிற்பவன்' என்பது அதன் பொருள். எனினும் இச்சொல் இவ்வுறுப்புக்கு வந்த வழி நேரானதன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரோபிலசு 'பராஸ்டடாய்' (பக்கத்தில் நிற்போர்) என்னும் சொல்லை வழங்கினார். 1536இல் நிக்கோலோ மாசா இச்சுரப்பியை விளக்கினார். 1538இல் வெசாலியசு படமாக வரைந்தார். ஆயினும் அக்காலத்தார் இதனைச் 'சுரப்பித் தன்மையுடைய உறுப்பு' என்றே சுட்டினர். 1600இல் பிரெஞ்சு மருத்துவர் தூ லோரான்சு 'புரோஸ்டாட்டே' எனப் பன்மையில் பெயரிட்டார். பழைய சொல்லைப் பிறழ உணர்ந்ததன் விளைவு இது. ஆண்பாற் கிரேக்கச் சொல் இலத்தீனில் பெண்பாலாயிற்று; ஓருறுப்பு ஈருறுப்பாகவும் எண்ணப்பட்டது. எண் பற்றிய பிழை பிற்காலத்தில் திருந்தியது. பால் பற்றிய பிழை நிலைத்துவிட்டது. உறுப்பின் பெயர் அஃறிணையாகவே அமையும் தமிழில் இச்சிக்கல் எழ வழியில்லை.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் 'முன்னிற்குஞ்சுரப்பி' இக்கிரேக்கச் சொல்லின் நேர்பெயர்ப்பு. அந்நாட்டில் மருத்துவத் தமிழுக்கு நீண்ட மரபுண்டு. மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவற்றுள் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. முதலில் தமிழ்ச்சொல், அஃதில்லாதபோது வடசொல், அதுவும் இல்லையெனில் ஆங்கில ஒலிபெயர்ப்பு என்பது அவர் கொண்ட முறை.

முன்னிற்றல் என்னும் வினைக்குத் தமிழில் எதிர்த்து நிற்றல் என்னும் பொருளும் உண்டு. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் அப்பொருளில் ஆள்கிறது. 'முன்னின்று நடத்துதல்' என்னுமிடத்தில் தலைமையும் பொறுப்பும் குறிக்கப்படுகின்றன. கிரேக்கச் சொல்லும் தலைவன், காப்பாளன் என்னும் பொருள்களில் வழங்கியது. ஏதென்சில் குடியேறிய அயலார்க்குச் சான்றாக நின்ற குடிமகனும் இச்சொல்லாலேயே அழைக்கப்பட்டான். இவ்வொற்றுமை வியப்புக்குரியதாயினும் நோயாளிக்கு அதனால் பயனில்லை. எதற்கு முன்னே என்ற வினாவுக்குச் சொல்லில் விடையில்லை.

மராட்டியின் 'அஷ்டீலா' வேறு வழியில் வந்தது. சுசுருத சங்கிதையின் உத்தரதந்திரம் சிறுநீர்த் தடை நோய்களுள் ஒன்றாக வாதாஷ்டீலையைக் கூறும். மலவழிக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே கூழாங்கல் போலத் திரண்டு அசையாது நிற்கும் கட்டி என்பது அதன் விளக்கம். உறுப்பைக் கண்டு பெயரிட்டார் என்பதற்கு இது சான்றாகாது; நோயைக் கண்டு பெயரிட்டார் என்பதே பொருந்தும். நோயின் பெயர் பின்னர் உறுப்பின் பெயராயிற்று. எனினும் இடத்தைச் சரியாகச் சுட்டுவதில் இதுவே முந்தி நிற்கிறது.

'பௌருஷ கிரந்தி'யும் தமிழ் இதழ்களில் காணப்படும் 'ஆண்மைச் சுரப்பி'யும் ஏற்புடையன அல்ல. ஆண்தன்மைக்குரிய இயக்குநீர் பெரும்பாலும் விதைகளில் சுரப்பது. இச்சுரப்பியோ அவ்வியக்குநீரைச் சார்ந்து வளர்வது. விந்துநீரின் ஒரு பகுதியைத் தருவதே இதன் பணி. பெயர் பொருளைத் திரிக்கும்போது கேடு அகராதியோடு நிற்பதில்லை. 'ஆண்மைச் சுரப்பியில் அறுவை' எனக் கேட்கும் முதியவர் ஆண்மையே போய்விடும் என அஞ்சிச் சிறுநீர் அடைபடும்வரை மருத்துவரைத் தவிர்க்க நேரலாம். இச்சொல்லைக் கலைச்சொல் தொகுப்பிலிருந்து விலக்குவதே தக்கது.

பாடநூலுக்கு 'முன்னிற்குஞ்சுரப்பி' போதும். மருத்துவமனையில் 'மூத்திரப்பைக்குக் கீழே குழாயைச் சுற்றியிருக்கும் சுரப்பி' என்று விரித்துரைப்பதே தாராவித் தமிழர்க்கு விளங்கும்.