பெயரில்லாத சுயபகடி: கூர்மண்டையர் ஸ்பைடரும் ஜெர்ரி சீகலும்

லயன் காமிக்ஸ் படிச்சு வளர்ந்த யார்கிட்டயாவது "கூர்மண்டையர்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே சிரிப்பார்கள். மண்டை கூர்மை, காதும் கூர்மை, உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை, கையில் வலைத் துப்பாக்கி, போகவர ஹெலிகார். நம்ம ஸ்பைடர். அமெரிக்காவின் ஸ்பைடர்மேன் வேறு, இவர் வேறு. இவர் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் பிறந்து, 1984இல் 'எத்தனுக்கு எத்தன்' மூலமாகத் தமிழுக்கு வந்து, சிவகாசியில் அச்சாகி நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கியவர். கொங்கு நாட்டில் அந்தக் காலப் பையன்களுக்கு இவர் சொந்தக்காரர் மாதிரி.

ஸ்பைடரை மறக்க முடியாமல் செய்தது உடையோ ஹெலிகாரோ இல்லை, வாய். அப்படி ஒரு தற்பெருமை. எதிரியை அடிக்கும் முன் தன்னைப் பற்றி ஒரு பிரசங்கம், அடிக்கும்போது ஒன்று, அடித்து முடித்ததும் ஒன்று. தான்தான் குற்றவாளிகளின் ராஜா, தன் மூளைக்கு ஈடு இணை கிடையாது என்று ஓயாமல் பேசுவார். கூட இருக்கும் புரொபசர் பெல்ஹாமும் ஆர்டினியும் பாதி நேரம் வியப்பார்கள், மீதி நேரம் உள்ளுக்குள் புழுங்குவார்கள். இன்று எடுத்துப் படித்தால், "என்னடா இது, யார் எழுதின வசனம்?" என்று கேட்கத் தோன்றும்.

கேட்க வேண்டிய கேள்விதான். அதை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல்.

கணக்கைச் சரியாகப் போட்டுவிடுகிறேன். ஸ்பைடர் முதலில் வந்தது 1965இல், லண்டனின் 'லயன்' வார இதழில். படைத்தவர் டெட் கோவன், படம் ரெஜ் பன். அந்தத் திமிரை விதைத்தவரும் கோவன்தான். முதல் இரண்டு கதைகளுக்குப் பிறகு எழுத்து சீகல் கைக்குப் போனது. 1969இல் தொடர் முடிந்தது. கோவன் கொடுத்த திமிரை சீகல் ஊதி ஊதிப் பலூன் ஆக்கினார். பிளீட்வே நிறுவனத்தின் இதழ்களில் எழுதியவர் பெயர் போடும் வழக்கம் அன்று இல்லை. அதனால் அங்கே வாரா வாரம் படித்த பையனுக்கும் தெரியாது, இருபது வருஷம் கழித்து இங்கே படித்த நமக்கும் தெரியாது.

வசனம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு தொழில் காரணமும் உண்டு. வாரத்துக்குச் சில பக்கங்கள்தான். போன வாரம் நடந்ததை நினைவுபடுத்த வேண்டும், யார் ஹீரோ யார் வில்லன் என்று புதுசாக வாங்கினவனுக்குச் சொல்ல வேண்டும், கடைசிக் கட்டத்தில் ஆபத்தில் நிறுத்த வேண்டும். தற்பெருமை வசனம் இந்த வேலையைச் சுருக்கமாக முடித்துவிடும். "நான் இன்னார், இதைச் செய்தேன், அடுத்து இதைச் செய்யப் போகிறேன்" என்று பாத்திரமே அறிவித்துவிட்டால் கதைச்சுருக்கம் தனியாக வேண்டாம். தமிழில் எல்லா வாரங்களும் ஒரே புத்தகமாகச் சேர்ந்து வந்ததால், சில பக்கங்களுக்கு ஒரு முறை சுயபுராணம் நம் காதில் விழுந்தது.

நமக்கு அது உறுத்தாததற்கு இன்னொரு காரணம் கூத்து. கூத்தில் வேஷம் கட்டியவர் உள்ளே வந்ததும் தன் குலம், வீரம், நாடு எல்லாம் தானே சொல்லித்தான் ஆரம்பிப்பார். பக்கத்தில் கட்டியங்காரன் நின்று ஒரு வாய் புகழ்வார், ஒரு வாய் கிண்டலடிப்பார். ராஜாவின் பெருமையும் அதன் மேல் விழும் நையாண்டியும் ஒரே மேடையில் நடக்கும். அதைப் பார்த்த ஊருக்கு ஸ்பைடரும் பெல்ஹாமும் எப்படி அந்நியமாக இருக்க முடியும்?

இப்போது சீகல் பக்கம் போவோம். 1933இல், பதினெட்டு வயதில், கிளீவ்லாந்தில் தானே ரோனியோ போட்டு நடத்திய 'சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்ற சிறு பத்திரிகையில் ஒரு கதை எழுதினார். அதில் வரும் 'சூப்பர்மேன்' ஒரு வில்லன். மொட்டைத் தலை, அபார மூளைச் சக்தி, உலகையே ஆள வேண்டும் என்ற வெறி. அந்த வில்லனைத் திருத்தி நல்லவனாக்கித்தான் நண்பர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து 1938இல் நமக்குத் தெரிந்த சூப்பர்மேனைக் கொடுத்தார். உரிமை மொத்தமும் 130 டாலருக்குக் கை மாறியது. அந்தக் காசோலை மட்டும் 2012இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது.

1947இல் இருவரும் வழக்குப் போட்டார்கள். மறுவருஷம் சமரசத்தில் முடிந்தது. ஒரு தொகை கிடைத்தது, சூப்பர்மேன் இதழ்களில் இருந்து இருவர் பெயரும் போய்விட்டது.

சுயபகடி இங்கேதான் தொடங்குகிறது. 1948இல் இருவரும் 'ஃபன்னிமேன்' என்று ஒரு இதழ் கொண்டுவந்தார்கள். ஹீரோ ஒரு காமெடி நடிகர். விளம்பரத்துக்காகப் போட்ட வேஷம் நிஜ வேஷமாகி, பொய் மூக்கு வைத்துக்கொண்டு திருடர்களைப் பிடிக்கிறார். சூப்பர்மேனைப் படைத்தவர்களே சூப்பர்மேனைக் கிண்டல் செய்த கதை. ஆறு இதழோடு நின்றது.

1959இல் சீகல் பழைய இடத்துக்கே கூலி எழுத்தாளராகத் திரும்பினார். பெயர் கிடையாது. 1961-62இல் 'பிசாரோ உலகம்' கதைகளை எழுதினார். பிசாரோ என்ற பாத்திரம் ஓட்டோ பைண்டர் கொடுத்தது. சூப்பர்மேனின் கோணல் நகல். அவன் கிரகமே சதுரம். அங்கே அழகு என்றால் அசிங்கம், வெற்றி என்றால் தோல்வி, பேச்சில் இலக்கணமே தலைகீழ். தான் பெற்ற பிள்ளையைத் தானே கண்ணாடியில் கோணலாகப் பார்த்துச் சிரித்திருக்கிறார் மனுஷன். அதே 1961இல் சூப்பர்மேன் சாகிற ஒரு 'கற்பனைக் கதை'யும் எழுதினார். திருந்தியது போல நடித்து லூதர் கொல்கிறான். அதில் ஆர்ப்பாட்டம் இல்லை, வெறும் துக்கம். அடக்கி எழுதத் தெரியாமல் அவர் கத்தவில்லை என்பதற்கு அந்த ஒரு கதை போதும்.

அப்புறம் உரிமைச் சண்டை மறுபடி எழுந்து அந்த வேலையும் போனது. அதே காலத்தில் ஆர்ச்சி நிறுவனத்திலும் 'மைட்டி குரூசேடர்ஸ்' எழுதினார். அங்கே அவருக்கு வந்த வேலை, அப்போது சக்கைப்போடு போட்ட ஸ்டான் லீயின் நடையைப் போலச் செய்வது. லீ 1964இல் ஸ்பைடர்மேன் ஆண்டு மலரில், தானும் ஓவியர் டிட்கோவும் எப்படிக் கதை பண்ணுகிறோம் என்று மூன்று பக்கத்துக்குத் தங்களையே கேலி செய்து போட்டார். வாசகர்கள் கொண்டாடினார்கள். ஏனென்றால் லீயின் பெயர் ஒவ்வொரு கதையின் முதல் பக்கத்திலும் இருந்தது. கிண்டல் யார் மேல் என்று குழந்தைக்கும் தெரியும். அந்தக் கிண்டல் அவரை இன்னும் பெரிய ஆளாக்கியது.

எனக்குப் பட்டது இதுதான்: சுயபகடிக்கு முதலில் ஒரு பெயர் வேண்டும். கோடு எழுதுகிறவர்கள் தினமும் பார்ப்போம். பழைய புரோகிராமில் ஒரு கிறுக்குத்தனமான கமெண்ட் இருக்கும். எழுதியவர் பெயர் தெரிந்தால் "அட, குசும்பு பிடிச்ச ஆளு" என்று சிரிப்போம். பெயர் இல்லையென்றால், "எவனோ விவரமில்லாதவன்" என்று அழித்துவிட்டுப் போவோம். லீ செய்ததும் சீகல் செய்ததும் அடிப்படையில் ஒரே வேலை. லீயுடையது நடை என்று பெயர் வாங்கியது, சீகலுடையது மட்டமான வசனம் என்று பெயர் வாங்கியது.

பெயரை ஒட்டவைத்து ஸ்பைடரைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அபார மூளையும் உலகாளும் ஆசையும் கொண்ட வில்லன், சீகல் கையில் மெல்ல மற்ற வில்லன்களோடு மோதத் தொடங்கி, கடைசியில் குற்றத்தை ஒழிப்பவனாக மாறுகிறான். 1933இல் இருந்து 1938க்கு அவர் நடந்த அதே பாதை. தமிழில் வந்த ஒரு கதைக்குத் தலைப்பே 'நீதிக்காவலன் ஸ்பைடர்'. இது போதாதென்று 1968இல் அதே லயனில் 'காட்ஜெட்மேன் - கிம்மிக் கிட்' என்று ஒரு ஜோடியையும் இறக்கினார். பெயரிலேயே பேட்மேன்-ராபின் ஜோடிக்கு ஒரு கொட்டு தெரிகிறது. சூப்பர் ஹீரோ என்ற கடையைத் திறந்தவரே அதன் சரக்கு ஒவ்வொன்றையும் எடுத்து ஆட்டிக் காட்டிச் சிரிக்கிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

"நான் யார் தெரியுமா?" என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரு பாத்திரம் முழங்குகிறது. அதை எழுதியவர், தான் யார் என்று எங்கேயும் சொல்ல முடியாமல் இருந்தவர். அவர் வேண்டுமென்றே அப்படி எழுதினாரா என்று நிரூபிக்க எனக்கு வழியில்லை. ஆனால் இது தெரிந்த பிறகு அந்த வசனங்களைப் பார்த்து முன்பு போலச் சும்மா சிரிக்க முடியவில்லை.

1975இல் சீகல் லாஸ் ஏஞ்சல்ஸில் வருஷம் 7,000 டாலர் சம்பளத்தில் டைப்பிஸ்ட் குமாஸ்தா. சூப்பர்மேன் சினிமா வரப்போகும் நேரம் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிப் போராடி, ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உதவித்தொகை வாங்கினார்கள். அதைவிடப் பெரிதாக, "படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர்" என்ற வரி சூப்பர்மேனுக்குத் திரும்பி வந்தது. 1996இல் சீகல் காலமானார்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஸ்பைடர் புத்தகம் கிடந்தால் தூசி தட்டி எடுங்கள். முதல் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் இரண்டு பெயர் எழுதி வையுங்கள்: டெட் கோவன், ஜெர்ரி சீகல். அப்புறம் கூர்மண்டையர் எவ்வளவு வேண்டுமானாலும் பீற்றிக்கொள்ளட்டும்.