கல்லூரி மூடப்பட்ட நாளில் விளையாடிய அணி

போன கிழமை இஷாவுக்குப் பிறகு, என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் வாப்பா வீட்டுக்கு வந்தார். உட்காரவும் இல்லை, போனை நீட்டினார். "ஸேர், இதை ஒருக்காப் பாருங்க. அமெரிக்காவில ஒரு கொலிஜ்ஜில இருந்து கோச் ஒருத்தர் மகனுக்கு எழுதி இருக்கார். டீம்ல எடுத்துட்டாங்க என்று மகன் சொல்றான். காணியை விக்கிறதா வேணாமா என்று நீங்கதான் சொல்லணும்."

மகன் 800 மீற்றர் ஓடுபவன். மாகாண மட்டம் வரை போனவன். ஈமெயிலை இரண்டு தரம் வாசித்தேன். நல்ல அன்பான எழுத்து. வார்சிட்டி, டிவிஷன் த்ரீ, ரோஸ்டர் என்றெல்லாம் இருந்தது. புலமைப்பரிசில் என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். இல்ல விளையாட்டுப் போட்டியில் எனக்கு வழமையாகத் தருவது பெயர்ப் பட்டியல் எழுதுகிற வேலைதான். ஆனால் அந்த ஈமெயிலில் இல்லாமல் போன அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அன்றிரவு அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வேறு வீடுகளுக்கும் இப்படி ஈமெயில்கள் வருகின்றன என்று கேள்வி.

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் போட்டியே ஒரு விளம்பரம்தான். 1852 ஆகஸ்டில் ஹார்வர்டும் யேலும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வினிபிசாகி ஏரியில் படகோட்டின. செலவைப் பார்த்துக்கொண்டது ஒரு ரயில் கம்பனி. அந்தப் பக்கம் ஆட்கள் ரயிலேறி வரவேண்டும் என்பது அதன் கணக்கு. ஏழு வருடம் கழித்து, 1859 ஜூலை 1 அன்று, இரண்டு சின்னக் கல்லூரிகள் முதல் பேஸ்போல் போட்டியை ஆடின. அம்ஹர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32. அடுத்த நாள் அதே இரண்டு கல்லூரிகளும் சதுரங்கமும் ஆடின, அதிலும் அம்ஹர்ஸ்ட்தான் வென்றது. மைதானமும் சதுரங்கப் பலகையும் ஒரே பயணத்தில் போன காலம் அது. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும்.

பிறகு அமெரிக்கன் ஃபுட்போல் வந்தது. நம்முடைய உதைபந்தாட்டம் அல்ல, முட்டைப் பந்தைத் தூக்கிக்கொண்டு மோதுகிற ஆட்டம். 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் நாடு முழுவதும் 18 இளைஞர்கள் அந்த ஆட்டத்தில் இறந்ததாக அன்றைய பத்திரிகைகள் கணக்குப் போட்டன. ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பயிற்றுவிப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதே நவம்பரில் யூனியன் கொலிஜ் என்ற சின்னக் கல்லூரியின் மாணவன் ஒருவன் நியூயோர்க் பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்தில் அடிபட்டு இறந்தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவர் மக்ரக்கன் மற்றக் கல்லூரிகளைக் கூட்டத்துக்கு அழைத்தார். அதிலிருந்து 1906இல் 62 கல்லூரிகளோடு பிறந்த சங்கம்தான் 1910இல் என்சிஏஏ என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்றைக்குக் கோடிக்கணக்கான டொலர்களைக் கையாளுகிற அமைப்பு பிள்ளைகளின் சாவிலிருந்து தொடங்கியது என்பது அங்கேயே பலருக்கு நினைவில்லை.

உயிரைக் காப்பாற்ற விதி வந்தது. காசைப் பற்றிய விதி அவ்வளவு சுலபமாக வரவில்லை. நன்றாக விளையாடுகிறவனைக் காசு கொடுத்துக் கூட்டிவருவது அப்போதே பழகிப்போன விடயம். 1929இல் கார்னகி நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து பெரிய அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான கல்லூரிகளில் ஏதோ ஒரு வடிவத்தில் விளையாட்டு வீரனுக்கு மறைமுகமாகப் பணம் போகிறது என்று அது சொன்னது. அறிக்கை வந்தது, பத்திரிகைகள் எழுதின, அடுத்த பருவம் வழமைபோல நடந்தது.

ஒரே ஒரு பெரிய பல்கலைக்கழகம் வேறு மாதிரி முடிவெடுத்தது. சிக்காகோ பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் ஃபுட்போல் உலகின் ராஜா. அமோஸ் அலோன்சோ ஸ்டாக் அங்கே 41 பருவங்கள் பயிற்றுவித்தார். ஹைஸ்மன் விருது என்று இன்று சொல்லப்படுகிற விருதை 1935இல் முதன்முதலாகப் பெற்ற ஜே பெர்வாங்கர் அந்தப் பல்கலைக்கழக மாணவன். நான்கு வருடத்தில் எல்லாம் தலைகீழ். 1939இல் மிச்சிகனிடம் 85–0, ஹார்வர்டிடம் 61–0 என்று தோற்றார்கள். தலைவர் ரொபர்ட் ஹட்சின்ஸ் அந்த டிசம்பரிலேயே ஃபுட்போலை நிறுத்திவிட்டார். வெறிச்சோடிக் கிடந்த அந்த மைதானத்தின் பார்வையாளர் மேடைக்குக் கீழேதான் 1942 டிசம்பர் 2 அன்று உலகின் முதல் அணு உலை தொடர்வினையைக் காட்டியது. ஃபுட்போல் 1969இல் அங்கே திரும்பவும் வந்தது, ஆனால் சின்ன அளவில். இன்று சிக்காகோ அந்த ஈமெயிலில் இருந்த அதே டிவிஷன் த்ரீயில்தான் விளையாடுகிறது. ஆகவே டிவிஷன் த்ரீ என்றால் மட்டமான கல்லூரி என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். அம்ஹர்ஸ்டும் வில்லியம்ஸும் அங்கேதான் இருக்கின்றன.

இந்த மூன்று பிரிவுகள் 1973இல் வந்தன. அதற்கு முன்னால் பெரிய இழுபறி. 1948இல் விளையாட்டுக்காகத் தனியாகக் காசு கொடுக்கக்கூடாது என்று விதி போட்டார்கள். 1950இல் அதை மீறிய ஏழு கல்லூரிகளை வெளியேற்ற வாக்கெடுப்பு வைத்தார்கள், தோற்றது. அடுத்த வருடம் விதியையே தூக்கிவிட்டார்கள். 1950களின் நடுப்பகுதியிலிருந்து விளையாட்டுப் புலமைப்பரிசில் சட்டபூர்வமாயிற்று. பெரிய பல்கலைக்கழகங்கள் அந்த வழியில் போயின. இரண்டாம் பிரிவு ஓரளவுக்குக் கொடுக்கலாம். மூன்றாம் பிரிவு விளையாட்டுக்கென்று ஒரு சதமும் கொடுக்கக்கூடாது. இன்று 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அந்தப் பிரிவில் இருக்கின்றன, பெரும்பாலானவை சின்னவை.

(என்சிஏஏக்கு வெளியே என்ஏஐஏ என்று சின்னக் கல்லூரிகளின் இன்னொரு அமைப்பும் உண்டு. அது விளையாட்டுப் புலமைப்பரிசில் கொடுக்கும். அதற்கு ஒரு நல்ல கதையும் இருக்கிறது. இந்தியானா மாநிலக் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணியில் கிளாரன்ஸ் வோக்கர் என்ற கறுப்பின மாணவன் இருந்தான். கறுப்பர் ஆடக்கூடாது என்ற விதி இருந்ததால் பயிற்றுவிப்பாளர் ஜோன் வூடன் 1947இல் அதன் சுற்றுப்போட்டி அழைப்பை மறுத்தார். 1948இல் விதி எடுக்கப்பட்டது, வோக்கர் ஆடினான்.)

விளையாட்டுக்குக் காசு இல்லையென்றால் கோச் ஏன் கல்முனைப் பக்கத்துப் பிள்ளைக்கு ஈமெயில் எழுதுகிறார்? வாப்பா கேட்ட கேள்வியும் இதுதான். இதற்கான பதில் 1973இல் யாரும் நினைத்துப் பார்க்காதது.

பெரிய பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வீரன் ஒரு செலவு. சின்னத் தனியார் கல்லூரியில் அவன் ஒரு வருமானம். அந்தக் கல்லூரிகள் மாணவர் கட்டுகிற காசில் ஓடுகின்றன. பிள்ளைகள் குறைந்தால் விளக்கு அணையும். ஒரு புதிய அணி தொடங்கினால் முப்பது நாற்பது பிள்ளைகள் வருவார்கள், ஒவ்வொருவரும் கட்டணம் கட்டுவார்கள். ஃபுட்போல் என்றால் நூறு பேர். ஷுல்மனும் போவனும் 2001இல் எழுதிய ஆய்வு நூலின்படி, தேர்ந்தெடுத்த சின்னக் கலைக் கல்லூரிகளில் ஆண் மாணவரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் விளையாட்டு அணியில் இருந்தார்கள். பெரிய அரச பல்கலைக்கழகங்களில் அது மிகச் சிறிய விகிதம். பல சின்னக் கல்லூரிகளில் இவ்வளவு பேரைக் கொண்டுவா என்று கோச்சுக்கே எண்ணிக்கை கொடுத்திருப்பார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய ஈமெயிலில் ஒரு பாதி பயிற்றுவிப்பாளர் எழுதியது, மறுபாதி அனுமதிப் பிரிவு எழுதியது.

இப்போது பேர்மிங்ஹம்-சதர்ன் கொலிஜ். அலபாமா மாநிலத்தில் 1856இல் வேர்விட்ட கல்லூரி. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் டிவிஷன் வன்னில் இருந்தது. செலவு தாங்கவில்லை, 2006இல் மூன்றாம் பிரிவுக்கு இறங்க முடிவெடுத்தார்கள். புலமைப்பரிசில் போயிற்று. அதே மூச்சில் ஃபுட்போலைப் புதிதாகத் தொடங்கினார்கள், 2007இல் அணி களமிறங்கியது. மேலே சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் ஏனென்று விளங்கும். ஆனால் கட்டடங்களுக்காக வாங்கிய கடன், 2010இல் வெளிப்பட்ட கணக்குப் பிழை, குறைந்துகொண்டே போன பிள்ளைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசி ஆண்டில் ஏறக்குறைய 730 பேர்தான் படித்தார்கள். மாநில அரசிடம் கடன் கேட்டுக் கிடைக்கவில்லை. 2024 மார்ச்சில், மே 31ஆம் திகதியோடு கல்லூரி மூடப்படும் என்று நிருவாகம் அறிவித்தது.

அந்த வருடம் பார்த்து அவர்களுடைய பேஸ்போல் அணி வென்றுகொண்டே போனது. மூன்றாம் பிரிவின் உலகத் தொடருக்குத் தகுதி பெற்று ஒஹாயோ மாநிலத்துக்குப் போனது. அங்கே முதல் ஆட்டம் 2024 மே 31. காலையில் கல்லூரி இருந்தது. அன்றோடு அது இல்லை. அந்தப் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு பையன்கள் ஆடினார்கள், தோற்றார்கள். அடுத்த ஆட்டத்தில் வென்றார்கள். ஜூன் 2 அன்று விஸ்கொன்சின்-வைட்வோட்டர் அணியிடம் கடைசி அடியில் 11–10 என்று தோற்று வெளியேறினார்கள். திரும்பிப் போகக் கல்லூரி இல்லை.

திறமைக்கும் நிருவாகத்தின் கணக்குப் புத்தகத்துக்கும் தொடர்பில்லை என்று காட்ட இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியாது. இது தனிச் சம்பவமும் அல்ல. 2020இல் இலினோயில் மக்மரி, 2023இல் அயோவா வெஸ்லியன் என்று பட்டியல் நீளுகிறது.

வாப்பா அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எதிர்வீரசிங்கம் போனார்தானே ஸேர்?" என்றார். போனார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் உயரம் பாய்தல் வீரர், 1952, 1956 ஒலிம்பிக்கில் பங்குபற்றியவர், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கம் கொண்டுவந்தவர். யூசிஎல்ஏயில் படித்து, கோர்னெலில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஆனால் யூசிஎல்ஏ கலிபோர்னியாவின் பெரிய அரச பல்கலைக்கழகம். நாளைக்குக் கதவு மூடப்படுமா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. இந்தப் பிள்ளைக்கு வந்திருக்கிற ஈமெயிலில் முதலாவது கேள்வியே அதுதான்.

மகனை வரச்சொல்லி மூவரும் என் மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தோம். அமெரிக்காவில் ஒரு நல்ல பழக்கம் உண்டு, நிறையக் கணக்கு பகிரங்கமாகவே கிடக்கும். 1994இல் வந்த ஒரு சட்டப்படி, மத்திய அரசின் மாணவர் உதவி பெறுகிற ஒவ்வொரு கல்லூரியும் எந்த அணியில் எத்தனை ஆண், எத்தனை பெண், என்ன செலவு என்று வருடா வருடம் அறிவிக்கவேண்டும். 1972இன் டைட்டில் நைன் சட்டம் பெண்களுக்குச் சமவாய்ப்பு கேட்டதன் தொடர்ச்சி அது. இணையத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டாலே வருகிறது. கல்லூரியில் மொத்தம் எத்தனை பேர், ஐந்து வருடத்துக்கு முன் எத்தனை பேர், எத்தனை வீதம் பட்டம் முடிக்கிறார்கள் என்பதும் அரச தளத்தில் இருக்கிறது. இலாப நோக்கற்ற கல்லூரி என்றால் வருமான வரிப் படிவம்கூட யாரும் பார்க்கலாம்.

பிறகு அணியின் பழைய பெயர்ப் பட்டியல்களைத் திறந்தோம். இது நான் பரீட்சை மேற்பார்வையில் பழகிய வேலை, எண்ணுவது. நான்கு வருடத்துக்கு முந்திய பட்டியலில் முதலாம் வருடம் 14 பேர். அவர்களில் நான்காம் வருடம் வரை மிஞ்சியவர் 3 பேர். மற்றவர்கள் காயத்தில் போனார்களா, காசில் போனார்களா, கோச் மாறியதில் போனார்களா என்று பட்டியல் சொல்லாது. கேட்கவேண்டும். மகன் தன்னுடைய 800 மீற்றர் நேரத்தை அவர்களுடைய போன வருடப் போட்டி முடிவுகளோடு வைத்துப் பார்த்தான். ஐந்தாவதாக வந்திருப்பான். முகத்தில் வெளிச்சம் வந்தது. அது உண்மையான வெளிச்சம்தான், அதை நான் அணைக்கவில்லை.

காசுக் கணக்கு வாப்பாவுக்காக. விளையாட்டுக்குக் கொடுக்கமாட்டார்கள், படிப்புக்கும் தேவைக்கும் என்று கழிவு தருவார்கள். அதை உதவி என்று எழுதியிருப்பார்கள். அச்சிட்ட கட்டணத்தில் பாதியைக் குறைத்தாலும் மிச்சப் பாதியை நாம் ரூபாயில் நான்கு வருடத்துக்குப் பெருக்கவேண்டும். வெளிநாட்டு மாணவனுக்கு அமெரிக்க அரசின் கடனோ மானியமோ கிடையாது. மாணவர் வீசாவில் தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். முதல் வருடச் செலவுக்குக் காசு இருப்பதைக் காட்டினால்தான் ஐ-20 படிவமே வரும். வீசாவும் அந்தக் கல்லூரியோடு கட்டப்பட்டது, கல்லூரி மூடினால் பிள்ளை அவசரமாக இன்னொரு கல்லூரி தேடவேண்டும். பேர்மிங்ஹம் பையன்களாவது வீட்டுக்குப் போக பஸ் ஏறினால் போதும்.

கோச்சுக்கு அனுப்ப மகனே ஆங்கிலத்தில் கேள்விகள் எழுதினான். நான் இலக்கணம் மட்டும் திருத்தினேன். காயம்பட்டு ஓடமுடியாமல் போனால் அந்தக் கழிவு தொடருமா? நான்கு வருடமும் அதே தொகையா? நீங்கள் அங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்? போன நான்கு வருடத்தில் விலகிய பிள்ளைகள் ஏன் விலகினார்கள்? அவர்களில் ஒருவரோடு பேசலாமா? கடைசியில் வாப்பா ஒன்றைச் சேர்க்கச் சொன்னார், நோன்பு காலத்தில் பயிற்சியை எப்படி வைத்துக்கொள்வீர்கள் என்று.

அனுப்பியது வெள்ளிக்கிழமை. ஞாயிறு இரவு பதில் வந்தது. நோன்புக் கேள்விக்கு நீளமாக, மரியாதையாக எழுதியிருந்தார், பயிற்சியை மாலைக்கு மாற்றலாம் என்று. அவர் அங்கே வந்து ஒன்றரை வருடமாம். கழிவு பற்றிய இரண்டு கேள்விகளையும் அனுமதிப் பிரிவுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். விலகிய பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்குப் பதில் இல்லை.

மகன் அந்த ஒரு கேள்வியை மட்டும் திரும்ப அனுப்பியிருக்கிறான். காணியைப் பார்க்க வருவதாகச் சொன்ன ஆளிடம், அடுத்த மாதம் வாருங்கள் என்று வாப்பா சொல்லிவிட்டார்.