குளிரில் தேறிய மது

உலக நாடுகளில் இன்று விலையாகும் பீர் வகைகளுள் பெரும்பகுதி லாகர் என்னும் ஓர் இனத்தைச் சார்ந்ததாகும். லாகர் என்பது ஜெர்மானியச் சொல். 'கிடங்கு', 'இருப்பில் வைத்தல்' என்னும் பொருளுடையது. நிறத்தாலும் சுவையாலும் பெயர் பெறாது, காத்து வைக்கப்பட்ட செயலால் ஒரு மது பெயர் பெற்றிருப்பது எண்ணத்தக்கது. தெளிந்த கள்ளைத் 'தேறல்' என்றனர் நம் பழம்புலவர். தேறியதால் அது தேறல். கிடங்கில் இருந்ததால் இது லாகர். அச்சொல்லுக்குள் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கிக் கிடக்கின்றது.

இரண்டு ஆணைகள்

பீரின் வரலாற்றைக் கூறுவோர் பலரும் 1516 ஆம் ஆண்டின் பவேரியச் சட்டத்தையே முதலில் எடுத்துரைப்பர். கோமகன் நான்காம் வில்லெல்மும் அவர் தம்பி பத்தாம் லூட்விக்கும் இங்கோல்ஸ்டாட் நகரில் பிறப்பித்த அச்சட்டம், வாற்கோதுமை, ஹாப்புப் பூ, நீர் ஆகிய மூன்றையன்றி வேறெதுவும் பீரில் சேர்தல் கூடாது என விதித்தது. அது புகழ் பெற்ற சட்டமே. ஆயினும் லாகரின் பிறப்புக்கு அது காரணம் அன்று. சர்க்கரையை மதுவாக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அக்காலத்தார் அதை உயிரென அறியார். தொட்டியின் அடியில் படியும் வண்டல் என்றே கருதினர்.

உண்மையில் லாகருக்கு வழி வகுத்தது, புகழ் குறைந்த மற்றோர் ஆணையாகும். 1553 ஆம் ஆண்டில் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட், செப்டம்பர் 29 ஆம் நாள் முதல் ஏப்ரல் 23 ஆம் நாள் வரையில் மட்டுமே பீர் வடிக்கலாம் என்று கட்டளையிட்டார். கோடையில் வடித்த பீர் விரைவில் கெட்டது. மக்கள் குறை கூறினர். அதனைத் தடுக்கவே இவ்வாணை எழுந்தது. குளிரில் மெல்ல நொதிக்கும் பீர் 15 ஆம் நூற்றாண்டிலேயே பவேரியாவில் அறியப்பட்டிருந்தது. எனினும் அஃது ஒரு வழக்கமாக மட்டுமே இருந்தது. 1553 க்குப் பின்னரே நாடு முழுமைக்கும் விதியாயிற்று.

இதன் விளைவை ஆணையிட்டவரே எதிர்பார்த்திருக்க இயலாது. ஒரு தொட்டியின் அடியில் தங்கிய வண்டலை எடுத்து அடுத்த தொட்டியில் இடுவது வடிப்போர் வழக்கம். குளிர்காலத்தில் மட்டுமே வேலை நடந்தமையால், குளிரைத் தாங்கி வளரும் ஈஸ்ட் வகையே ஆண்டுதோறும் வண்டலில் மிகுந்தது. வெப்பத்தை விரும்பும் வகை குறைந்தது. உழவன் நல்ல விதையைத் தேர்ந்தெடுப்பது போல, பருவமே ஈஸ்டைத் தேர்ந்தெடுத்தது. வேறுபாடு ஒன்றே: உழவன் அறிந்து செய்கிறான்; பவேரியர் அறியாமல் செய்தனர்.

நிலவறையில் நிகழ்ந்தது

கோடையில் வடித்தல் கூடாதெனில், கோடைக்கு வேண்டிய பீரை வசந்தத்திற்குள் வடித்துக் காத்தல் வேண்டும். மார்ச்சு மாதத்தில் வடித்து இருப்பில் வைத்த பீர் 'மேர்ட்சன்' எனப்பட்டது. அப்பெயர் அம்மாதத்தால் வந்ததாகும். மியூனிக் நகரத்தார் ஈசார் ஆற்றின் மேட்டுக் கரைகளில் ஆழ்ந்த நிலவறைகளைத் தோண்டினர். குளிர்காலத்தில் ஏரிகளிலும் ஆறுகளிலும் உறைந்த பனிக்கட்டியை வெட்டி அவற்றுள் அடுக்கினர். மேலே சரளைக் கல் பரப்பி, அகன்ற இலையுடைய கஷ்கொட்டை மரங்களை நிழலுக்காக நட்டனர். அம்மர நிழலில் மக்கள் அமர்ந்து பருகத் தொடங்கினர். நகர உணவு விடுதியார் முறையிடவே, 1812 ஆம் ஆண்டில் மன்னர் மாக்சிமிலியன் யோசேப்பு, நிலவறைக்காரர் அங்கே பீர் விற்கலாம், ஆனால் ரொட்டியன்றி வேறு உணவு விற்றல் கூடாது என்று தீர்ப்பளித்தார். பவேரியாவின் பீர்த் தோட்டங்கள் இவ்வாறு தோன்றியவையே.

நிலவறையில் பீர் வாளா கிடந்ததில்லை. முதல் நொதித்தல் ஏறத்தாழ 8 முதல் 12 பாகை செல்சியசு வெப்பநிலையில் நிகழும். பின்னர் உறைநிலையை ஒட்டிய குளிரில் பல வாரங்கள், முற்காலத்தில் பல மாதங்கள், அது வைக்கப்படும். அப்பொழுது எஞ்சிய சர்க்கரையை ஈஸ்ட் மெல்ல உண்ணும்; அதனால் எழும் கரியமிலவாயு மூடிய பீப்பாயில் பீரிலேயே கரையும். வெண்ணெய் நாற்றம் தரும் டயசெட்டில் என்னும் பொருளை ஈஸ்டே மீண்டும் ஏற்று மாற்றிவிடும். கலங்கலாக்கும் புரதம் குளிரில் திரண்டு ஈஸ்டோடு அடியில் படியும். டயசெட்டில் நீங்குமுன் பீரை மிகக் குளிரவைத்தால் ஈஸ்ட் சோர்ந்து, அந்நாற்றம் நின்றுவிடும். ஆகவே இக்காலத்தில் வீட்டில் லாகர் வடிப்போருள் பலர், நொதித்தல் முடியும் தறுவாயில் வெப்பத்தை இரண்டொரு நாள் சற்றே உயர்த்தி, அதன் பின்னரே குளிர்ப்பெட்டியில் தேறவிடுவர்.

வண்டலும் பொறியும்

19 ஆம் நூற்றாண்டில் இக்கலை பவேரியாவைக் கடந்தது. 1842 ஆம் ஆண்டில் பொகீமியாவின் பில்சன் நகரத்தார், பவேரியரான யோசேப்பு குரோலை அழைத்துப் பொன்னிற லாகர் வடித்தனர். 1845 ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த யாக்கப்சன், மியூனிக்கின் சுபாட்டன் ஆலையினின்று சிறிதளவு ஈஸ்டைப் பெற்றுக் கோபன்கேகனுக்குக் கொண்டுசென்றார். நெடிய பயணத்தில் அது கெடாதிருக்க, வண்டி நின்ற இடந்தோறும் நீரால் குளிர்வித்தார் என்பர். 1847 இல் அவர் நிறுவிய கார்ல்சுபர்க் ஆலை அவ்வண்டலால் வளர்ந்தது.

ஆனால் பனிக்கட்டிக்குக் குளிர்காலத்தையே நம்பியிருத்தல் இடர் நிறைந்தது. குளிர் குன்றிய ஆண்டில் நிலவறைகள் வெறுமையாகும். மியூனிக் தொழிற்கல்லூரி ஆசிரியர் கார்ல் லிண்டே 1870 களில் குளிரூட்டும் பொறியைச் சமைத்தார். அவரது முதற்பொறி சுபாட்டன் ஆலையில் ஆய்ந்து பார்க்கப்பட்டது. 1876 இல் அம்மோனியாவால் இயங்கும் பொறி உருவாயிற்று. பருவத்தின் ஆட்சி முடிந்தது. 1930 களில், கோடையன்றி வேறு பருவம் அறியாத சிங்கப்பூரில் லாகர் ஆலைகள் எழ முடிந்ததும் அப்பொறியின் பயனே.

ஆயினும் பொறியால் தீராத இடர் ஒன்றிருந்தது. நல்ல குளிரிலும் சில வேளை பீர் கசந்தது. கார்ல்சுபர்க் ஆய்வுக்கூடத்தின் எமில் கிறித்தியன் ஆன்சன், வண்டலுள் காட்டு ஈஸ்ட் கலந்ததே காரணம் எனக் கண்டார். 1883 இல் ஒரே உயிரணுவினின்று தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தார். ஆலையின் பெருஞ்செல்வமாகப் பூட்டி வைத்திருக்கத்தக்க கண்டுபிடிப்பு அது. யாக்கப்சனோ பிற ஆலைகளும் பயன்கொள்ளுமாறு அதனை வெளிப்படுத்தினார். மியூனிக்கில் கேட்டுப் பெற்றதை, மேலும் தூய்மையாக்கி உலகுக்குத் திருப்பியளித்தார் எனலாம்.

அந்த ஈஸ்ட் ஒரு கலப்பினம். ஒரு பெற்றோர் ரொட்டிக்கும் பயன்படும் பழகிய ஈஸ்ட். குளிர் தாங்கும் மற்றொரு பெற்றோர் நெடுங்காலம் அறியப்படவில்லை. 2011 ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் படகோனியாக் காடுகளில் அது கண்டறியப்பட்டது; பின்னர்த் திபெத்திலும், 2022 இல் வெளியான ஆய்வின்படி அயர்லாந்து மண்ணிலும் கிடைத்தது. ஐரோப்பாவில் தேடியோர் காண நெடுநாள் ஆயிற்று.

ஆணையிட்ட கோமகனோ, அறை தோண்டிய தொழிலாளியோ அந்நுண்ணுயிரைக் கண்டவரல்லர். அவர்கள் செய்தவை இரண்டே: கெடும் காலத்தில் வடியாது நின்றனர், வடித்ததை அவசரப்படாது காத்தனர். அறிவியல் பின்னர் வந்து காரணம் கூறிற்று. காரணம் அறியாத கைகள் கண்ட முறையைக் காரணம் அறிந்த காலமும் கைவிடவில்லை. நிலவறை போய்க் குளிர்ப்பெட்டி வந்த பின்னும், லாகர் தேறுவதற்குக் குளிரும் காலமும் வேண்டியே இருக்கின்றன.