உருமாறும் ரோபோ பொம்மைகளும் அவற்றின் தரமதிப்பீடும்

காராகவோ விமானமாகவோ துப்பாக்கியாகவோ இருக்கும் பொம்மையை மடித்தும் திருப்பியும் மனித உருவ இயந்திரமாக மாற்ற முடியுமானால் அது உருமாறும் ரோபோ எனப்படும். இந்த வகை ஜப்பானில் பிறந்தது. பாப்பி நிறுவனம் 1974-இல் ‘சோகோகின்’ என்ற பெயரில் உலோக வார்ப்பு ரோபோக்களை விற்கத் தொடங்கியது. அடுத்து டகாரா நிறுவனம் 1980-இல் ‘டயாக்லோன்’, 1983-இல் ‘மைக்ரோ சேஞ்ச்’ ஆகிய வரிசைகளைக் கொண்டுவந்தது. இவ்விரண்டிலிருந்தும் பொம்மைகளைத் தேர்ந்தெடுத்த அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ, 1984-இல் அவற்றை ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ ஆக்கியது. பெரும்பாலான பாத்திரங்களின் பெயர்களையும் குணங்களையும் எழுதியவர் மார்வெல் காமிக்ஸின் பாப் புடியான்ஸ்கி.

ஒன்றோடொன்றை ஒப்பிடும் பழக்கத்தை அட்டைப்பெட்டியே தொடங்கிவைத்தது. ஒவ்வொரு பெட்டியின் பின்புறமும் வலிமை, அறிவு, வேகம், துணிவு, திறமை உள்ளிட்ட எட்டுக் குணங்களுக்கு மதிப்பெண் வரைபடம் இருந்தது. சிவப்புக் கோடுகளுக்குள் மறைந்திருந்த அதைப் படிக்க, கூடவே வந்த சிவப்பு பிளாஸ்டிக் பட்டையை மேலே வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த மதிப்பெண்கள் கதாபாத்திரத்துக்கு உரியவை. பொம்மையைப் பற்றி எதையும் சொல்லாதவை. 1984-இன் ஆப்டிமஸ் பிரைம் கதையில் தலைவன். பொம்மையாகப் பார்த்தால் தலையும் இடுப்பும் திரும்பாது, கை முஷ்டிகளைத் தனியே எடுத்துச் செருக வேண்டும். சேகரிப்பாளர்களின் மதிப்பீடு இந்த இடைவெளியிலிருந்துதான் வளர்ந்தது.

1996-இல் வந்த ‘பீஸ்ட் வார்ஸ்’ பந்து மூட்டுகளைப் பரவலாக்கியது. அதன்பின், எந்தக் கோணத்தில் நிற்கும், முட்டி எவ்வளவு மடங்கும் என்பவையும் அளவுகோல்களாயின. 2003-இல் டகாரா வெளியிட்ட ‘மாஸ்டர்பீஸ்’ வரிசையின் முதல் ஆப்டிமஸ், உலோகப் பாகங்களோடு கனமாகவும் பெரிதாகவும் இருந்தது. அதே வரிசையில் 2011-இல் வந்த எம்பி-10 என்ற ஆப்டிமஸ் அதைவிடச் சிறியது. ஆனால் பின்னால் வந்த கார் ரோபோக்கள் அதன் அளவுக்கு ஒத்துச் செய்யப்பட்டதால், அலமாரியில் சேர்ந்து நிற்கும் பொருத்தமும் மதிப்பீட்டில் இடம்பிடித்தது. என் கணிப்பில் இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பம் எம்பி-10தான்.

காலம் போடும் மதிப்பெண் தனி. 1980-களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் பயன்பட்ட, தங்க நிறச் சுழிகள் ஓடும் ஒருவகை பிளாஸ்டிக், பெட்டிக்குள் இருக்கும்போதே மட்கி, மூட்டைத் திருப்பிய மாத்திரத்தில் பொடியும். பழைய பொம்மை வாங்குபவர் பளபளப்பை நம்பக்கூடாது.

தமிழகத்துக்கு ஹாஸ்ப்ரோ பொம்மைகளின் தொடர்பு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் வழியே வந்தது. எம்ஆர்எஃப், ஹாஸ்ப்ரோ கூட்டில் 1987-இல் தொடங்கிய இந்நிறுவனம் இந்தியாவில் தயாரித்த ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ வீரர் பொம்மைகளை, அவற்றின் மாறுபட்ட நிறங்களுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். இந்தியாவில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும் 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம்.

தருமபுரி போன்ற மாவட்டத்து ஆர்வலருக்கு வாங்கும் வழிகள் குறைவு. பெரிய கடைகள் வேண்டுமானால் சேலம் அல்லது பெங்களூரு; இல்லையென்றால் ஆன்லைன். கையில் எடுத்துப் பார்க்காமலே பணம் கட்ட வேண்டிய இடத்தில், பிறர் எழுதும் ஒப்பீடுதான் கண். ஆகவே எழுதுபவருக்குப் பொறுப்பு அதிகம். பலமுறை உருமாற்றிப் பார்த்த பிறகு எழுத வேண்டும். உலோக ஊசி செருகிய இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்திருக்கிறதா, தோள் மூட்டு ஆயுதத்தின் எடையைத் தாங்குகிறதா, கார் வடிவில் கதவு இடுக்குகள் ஒட்டி மூடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். நகல் பொம்மைகள் பெயிண்டில் அசலை நெருங்கினாலும் பெரும்பாலும் மூட்டுகளில் தோற்றுவிடும். விலைக்கு முன் மூட்டைப் பாருங்கள். பெட்டியைத் திறக்காமல் எழுதிய மதிப்பீட்டை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.