ஓசூருக்குப் போன ஸ்கூட்டர்

வைட்ஃபீல்டு என்றால் நம்மவர்களுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி, டிராஃபிக், தண்ணி லாரி. இங்கே ஒரு மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை இருந்தது என்றால் என் பக்கத்து வீட்டுக்காரரே நம்பவில்லை!

அதற்கு ரொம்ப முன்னாலேயே, 2001-இல், பெங்களூரில் சேத்தன் மைனியின் ரேவா மின்சாரக் கார் ரோட்டுக்கு வந்துவிட்டது. லண்டனில்கூட ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. ஆனால் ஈய பேட்டரி, வழியில் சார்ஜ் ஏற்ற இடமில்லை. 2010-இல் மஹிந்திரா பெரும்பங்கை வாங்கிக்கொண்டது.

அடுத்து வந்தது ஏத்தர். ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் தொடங்கியது. பெங்களூருக்கு வந்தார்கள் (நம்மைப் போலவே!). 2018-இல் வண்டி விற்பதற்கு முன்பே நகரத்தில் சார்ஜிங் பாயிண்ட் வைத்தார்கள். ரேவாவுக்குக் கிடைக்காதது அதுதான். வைட்ஃபீல்டில் செய்த வண்டிகள் ஓடத் தொடங்கின.

2021-இல் உற்பத்தி ஓசூருக்குப் போய்விட்டது. ஏன் ஓசூர்? தமிழக அரசோடு ஒப்பந்தம் ஒரு பக்கம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. டி.வி.எஸ். 50 மொபெட் 1980-இல் வந்தது அங்கிருந்துதான். நாற்பது வருஷமாக அந்த ஊரில் உதிரி பாகப் பட்டறைகளும், ஃபிட்டர்களும், வெல்டர்களும் உருவாகியிருந்தார்கள். பெட்ரோல் வண்டி வளர்த்த கைகள்! பசுமைத் தொழில் என்றால் பழசை மூடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன மாதம் டிப்ளமோ முடித்த அக்கா மகன் ஃபோன் செய்தான். "மாமா, வைட்ஃபீல்டுக்கு வரட்டுமா?"

"பஸ் முதல்ல ஓசூர்லதான்டா நிற்கும். அங்கேயே இறங்கிப் பாரு" என்றேன்.